வீணையும் நானும் ஜப்பானில்

“வெளிநாட்டுக் கச்சேரியா? கொடுத்து வைத்தவள்!” இப்படிச் சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. விமானத்தை விட்டு இறங்கியதும் மாலையோடு நாலு பேர் காத்திருப்பார்கள், திரும்பி வரும்போது பெட்டி நிறையப் பணம் இருக்கும் என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். பெரிய வித்வான்களுக்கு அப்படி நடக்கலாம். சபா, கம்பெனி என்று எந்தப் பக்கபலமும் இல்லாமல், தானே ஏற்பாடு செய்து, தானே பெட்டி தூக்கி, தானே கணக்கும் எழுதுகிற என் போன்றவர்களின் வெளிநாட்டுப் பயணம் எப்படி இருக்கும் என்பதைச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நான் பிரபலமானவள் அல்ல. வீட்டில் பன்னிரண்டு குழந்தைகளுக்கு வீணை சொல்லிக் கொடுக்கிறேன். நவராத்திரியில் நாலைந்து கச்சேரி, கோயில் உற்சவத்தில் ஒன்றிரண்டு. அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் 2023 அக்டோபரில் மூன்று வாரம் ஜப்பானில் வாசித்துவிட்டு வந்தேன்.

காரணம், சென்னையில் நாலு வருஷம் தங்கி மிருதங்கம் கற்றுக்கொண்ட ஒரு ஜப்பானியத் தம்பி. என் சாதகத்துக்கு வந்து வாசிப்பார். தமிழ் நன்றாகப் பேசுவார். ரசம் இல்லாமல் சாப்பிட மாட்டார். ஊருக்குப் போனபின் போனில் விடாமல் நச்சரித்தார். “அக்கா, ஒரு தடவை எங்க ஊருக்கு வாங்க. பெரிய பணம் கிடைக்காது. ஆனா நல்லாக் கேப்பாங்க.”

வீட்டில் பேச்சு நடந்தது. என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயசு. டியூஷன் பணத்தில் சீட்டுக் கட்டி 1,60,000 ரூபாய் சேர்த்திருந்தேன். “போட்ட முதல் திரும்பி வந்தால் மறுபடி யோசிக்கலாம்; வராவிட்டால் இதோடு சரி” என்று கணவரிடம் நானே சொன்னேன். மாமியார்தான் முடிவு கட்டினார். “மூணு வாரம்தானே? குழந்தையை நான் பாத்துக்கறேன். நீ போய்ட்டு வா. ஆனா வேளாவேளைக்குச் சாப்பிடு.”

வீணைக்கும் சீட்டு, எனக்கும் சீட்டு

முதலில் விசா. “சுற்றுலா விசாவில் போய் நாலு இடத்தில் வாசித்துவிட்டு வந்துவிடலாமே” என்று சிலர் யோசனை சொன்னார்கள். அது கூடவே கூடாது, சகோதரிகளே! பணம் வாங்கி வாசிப்பதற்கு ஜப்பானில் கலைஞர்களுக்கென்றே தனி விசா உண்டு. அங்கே நம்மை அழைப்பவர்கள் முதலில் அந்த நாட்டுக் குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். தம்பியின் நண்பர்கள் விண்ணப்பித்து, சான்று என் கைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. இன்னொரு விஷயம். வெளிநாட்டுக் கலைஞருக்குத் தரும் ஊதியத்தில் அங்கே பொதுவாக 20.42 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். இதையும் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வீணை. நாலடி நீளம், பலாமரம், குடம் ஒரு பக்கம், யாளி முகம் ஒரு பக்கம். 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை. அதிக வெயில் பட்டால் மெழுகு இளகும், அதிகக் குளிர் பட்டால் இறுகி வெடிக்கும். பைபர் பெட்டிக்குள் பழைய நூல் புடவைகளைச் சுற்றி வைத்தேன். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தினேன். சிங்கப்பூர் வழியாக டோக்கியோ போய்ப் பெட்டியைத் திறந்து, எல்லா மெட்டும் அதனதன் இடத்தில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது!

அங்கே வீடுகளில் மின்சாரம் 100 வோல்ட்தான். நம் 230 வோல்ட் குக்கரைச் செருகினால் சோறு வேகாது என்று தம்பி முன்பே சொல்லியிருந்ததால், அங்கேயே ஒரு சின்ன ரைஸ் குக்கரை இரவல் வாங்கிக் கொண்டோம். டோக்கியோவில் நிஷிகசாய் என்ற பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. அங்குள்ள கடையில் ரவை வாங்கினோம். மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பிக்கு ரவை பிசைந்து ஒட்டுவார்கள் இல்லையா? ஒரே பொட்டலத்தில் பாதி மிருதங்கத்துக்கு, பாதி எங்கள் உப்புமாவுக்கு!

சைவச் சாப்பாட்டுக்கு அங்கே சிரமம்தான். பார்க்க வெறும் காய்கறி சூப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதன் அடிச்சாற்றைக் கத்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவலைப் போட்டுக் காய்ச்சியிருப்பார்கள். கேட்காமல் சாப்பிடக் கூடாது. உமெபோஷி என்ற புளிப்பு ஊறுகாய்ப் பழத்தை உள்ளே வைத்துப் பிடித்த சோற்று உருண்டை மூலைக்கு மூலை கிடைக்கிறது. அதையும் தம்பி உறையைப் படித்துப் பார்த்த பிறகே வாங்குவோம். அதுவும் வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும்தான் என்னைக் காப்பாற்றின.

கைதட்டாத சபை

முதல் கச்சேரி டோக்கியோவில் கோயென்ஜி என்ற பகுதியில். சின்னச் சின்ன சங்கீத அறைகள் அங்கே நிறைய. ‘லைவ் ஹவுஸ்’ என்கிறார்கள். எங்களுடையது படியிறங்கிப் போகும் நிலவறை, நாற்பது நாற்காலி. டிக்கெட் 3,000 யென், அதாவது அப்போதைய மதிப்பில் சுமார் 1,650 ரூபாய். உள்ளே வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பானமும் கட்டாயம் வாங்க வேண்டும். அது கடைக்காரர் வருமானம். இப்படிப்பட்ட இடங்கள் சிலவற்றில், ‘இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும், விற்காததற்குக் கலைஞரே பணம் கட்ட வேண்டும்’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இளம் கலைஞர்கள் பலர் கைக்காசைக் கொடுத்துத்தான் மேடை ஏறுகிறார்களாம். இந்த நிபந்தனை இல்லாத இடமாகத் தம்பி தேடிப் பிடித்திருந்தார். வந்தவர்கள் 26 பேர். வசூலில் பாதி அறைக்காரருக்கு. மீதியில் நானும் தம்பியும் பங்கு.

ஏழு மணி என்றால் ஏழு மணி. ஆரம்பித்தேன். நம் ஊரில் ஒரு நல்ல பிடி விழுந்தால் முன் வரிசையில் தலை ஆடும், யாராவது ‘பலே’ என்பார். இங்கே அசைவே இல்லை! ஆலாபனை முடிந்தது, சத்தமில்லை. தானம் முடிந்தது, இருமல்கூட இல்லை. ‘பிடிக்கவில்லையோ?’ என்று உள்ளுக்குள் கலங்கிப் போனேன். பாட்டு முழுசாக முடிந்து, கடைசித் தந்தியின் நாதம் அடங்கி, அதற்குப் பிறகும் ஒரு விநாடி கழித்துத்தான் கைதட்டல் வந்தது. வந்தது நிற்கவில்லை.

அன்றைக்குப் பிரதானமாக மோகனம் வாசித்தேன். மத்யமமும் நிஷாதமும் இல்லாத ராகம் அல்லவா? ஜப்பானியப் பாட்டுகளில் மிகவும் பழக்கமான ஒரு வரிசைக்கு ‘யோனானுகி’ என்று பெயர். ‘நாலாவதும் ஏழாவதும் நீக்கியது’ என்று அர்த்தம். அதாவது, நம் மோகனத்தின் அதே ஐந்து ஸ்வரங்கள்! “எங்க ஸ்கூல்ல கத்துக்கிட்ட பாட்டு மாதிரியே இருந்தது” என்று ஒரு அம்மா தம்பியிடம் சொன்னாராம். முடிவில் எல்லோரும் ஒரு தாளில் அபிப்பிராயம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது அங்கே வழக்கம். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து தம்பி எனக்கு ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார்.

மாட்சுமோட்டோ பாட்டியின் அலமாரி

பிறகு மாட்சுமோட்டோ. டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். மலைகள் சூழ்ந்த ஊர். நடுவே கறுப்புக் கோட்டை. எங்கள் பெட்டிகளை முதல் நாளே வீட்டு வாசலில் வந்து வாங்கிக்கொண்டு, மறுநாள் அடுத்த ஊரில் சேர்க்கும் சேவை இருக்கிறது. அதனால் கையில் வீணை மட்டும்.

இளந்தாய்மார்களுக்கு மாட்சுமோட்டோவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு வயலின் கற்பிக்கும் முறை ஒன்றை வளர்த்த ஷினிச்சி சுசுகி, 1946 முதல் கற்பித்தது இந்த ஊரில்தான். 1898-ல் பிறந்து 1998-ல் காலமானவர். ‘எந்தக் குழந்தையும் தாய்மொழியைப் பிழையில்லாமல் பேசுகிறதே, அதே மாதிரி கேட்டுக் கேட்டே சங்கீதமும் வரும்’ என்பது அவர் கொள்கை. குழந்தைக்கு வயலின் தருவதற்கு முன் அம்மாவுக்குத்தான் ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுப்பாராம். அம்மா வீட்டில் வாசிப்பதைப் பார்த்து, ‘எனக்கும் கொடு’ என்று குழந்தை தானாகக் கேட்க வேண்டும்! நம் வீட்டில் குழந்தையைப் பாட்டுக் கிளாசில் விட்டுவிட்டு நாம் வாசலில் காத்திருக்கிறோமே, அதை நினைத்துக் கொண்டேன்.

நாங்கள் தங்கிய வீட்டுப் பாட்டிக்கு 74 வயசு. அரிசிக் கடை நடத்தியவர். ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே குளிர். என் விரல் நுனிகள் வெடித்து, தோள் இறுகிப் போயிருந்தது. பாட்டி வெந்நீர்த் தொட்டியைக் காட்டினார். முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். அதே தண்ணீரில் வீட்டார் ஒவ்வொருவராக உட்காருவார்கள். பத்து நிமிஷத்தில் தோள்வலி பாதி போயிற்று. விடியற்காலை 6.30-க்கு ரேடியோவில் உடற்பயிற்சி. 1928-ல் தொடங்கியது, இன்றும் ஒலிபரப்பாகிறது. கையை வீசி, உடம்பை வளைத்து, பியானோ தாளத்துக்குப் பாட்டி செய்ய, கூடவே நானும் செய்தேன். தையல், சமையல், வீணை என்று குனிந்தே வேலை செய்கிற நமக்கு இது ரொம்ப நல்லது.

அந்த வீட்டில் இருந்தபோதுதான் ஊரிலிருந்து போன் வந்தது. குழந்தைக்கு ஜுரம். மாமியார் டாக்டரிடம் அழைத்துப்போய் மருந்து வாங்கிக் கொடுத்திருந்தார். “வைரல் ஜுரமாம். ரெண்டு நாள்ல விட்டுடும்னார். நீ அங்கேர்ந்து கவலைப்பட்டு என்ன ஆகப் போறது?” என்றார். கேட்கணுமா, எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் கச்சேரி. ‘ஒத்தி வைத்துவிட்டுக் கிளம்பினாலும் வீடு போய்ச் சேர ஒன்றரை நாள், அதற்குள் ஜுரமே விட்டுவிடும்’ என்று மனசு ஒரு பக்கம் சொல்லும். இன்னொரு பக்கம் கேட்காது.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. டீ வைத்துக் கொடுத்தார். பிறகு அலமாரியின் மேல் தட்டிலிருந்து, தம்பியைக் கூப்பிட்டுத் துணி சுற்றிய ஒரு நீண்ட பொருளை இறக்கச் சொன்னார். கோட்டோ! 13 தந்தி வாத்தியம், ஆறடி நீளம். அந்தக் காலத்தில் தேநீர் பரிமாறுவது, பூ அடுக்குவது, கோட்டோ வாசிப்பது எல்லாம் கல்யாணத்துக்கு முன் பெண்கள் கற்றுக்கொள்ளும் கலைகளாம். “கல்யாணம் ஆச்சு, கடை வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். எடுக்கவே இல்லை. நாற்பது வருஷம் இருக்கும்” என்று அவர் சொன்னதைத் தம்பி மொழிபெயர்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கஷ்டமாகவும் இருந்தது. இதே வார்த்தையை நம் ஊரில் எத்தனை அம்மாக்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! அவர்கள் வீட்டில் வீணை, இவர் வீட்டில் கோட்டோ. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாட்டி தந்திகளுக்கு அடியில் ஒவ்வொரு குதிரையாக நிறுத்தி, ஞாபகத்திலிருந்தே சுருதி சேர்த்தார். மூன்று விரலில் நகம் மாட்டிக்கொண்டு மீட்டினார். காதைத் தீட்டிக் கேட்டேன். ச, சுத்த ரிஷபம், மத்யமம், ப, சுத்த தைவதம். அப்படியே நம் கர்நாடக சுத்த சாவேரி! வீணையை எடுத்து அதே சுருதிக்கு வைத்துக்கொண்டு நானும் மெல்ல வாசித்தேன். இரண்டு பேருக்கும் பேசப் பொது மொழி இல்லை. ராத்திரி பதினொன்றரை வரை வாசித்தோம். நம் ஊரில் அப்போது எட்டு மணி. போன் செய்தால், குழந்தை ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள் என்றார் மாமியார். மறுநாள் கச்சேரியும் நடந்தது. மூன்றாம் நாள் ஜுரமும் விட்டது.

தீவில் சரஸ்வதி

அந்த வருஷம் அக்டோபர் 23 சரஸ்வதி பூஜை, 24 விஜயதசமி. வீணை கையில் இருந்தும் பூஜை செய்ய வீடு இல்லையே என்று குறையாக இருந்தது. “கவலைப்படாதீங்க, அக்கா. சரஸ்வதி இங்கேயும் இருக்காங்க” என்றார் தம்பி.

நாகோயா போய், அங்கிருந்து அதிவேக ரயிலில் மைபாரா. 2020 முதல் அந்த ரயிலில் மிகப் பெரிய பெட்டிகளுக்கு முன்பதிவு வேண்டும். வாத்தியங்களுக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் கடைசி வரிசை இருக்கையாகக் கேட்டு வாங்கினால் முதுகுக்குப் பின்னால் வீணையை நிம்மதியாகச் சாய்த்து வைக்கலாம். மைபாராவுக்குப் பக்கத்தில் நாகஹாமா. வீணையை அங்கே தங்கின இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, விஜயதசமியன்று பிவா ஏரியில் படகு ஏறினோம். அரைமணி நேரத்தில் சிகுபுஷிமா என்ற சின்னத் தீவு.

புத்த மதத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போன நம் சரஸ்வதிக்கு அங்கே பென்சைட்டென் என்று பெயர். கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற வாத்தியம். ஏரிக்கே அந்த வாத்தியத்தின் பெயர்தான்! சுற்றிலும் தண்ணீர், நடுவில் செங்குத்தான கல் படிகள், மேலே அவள் சந்நிதி. வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சின்ன பொம்மைக்குள் வைத்துக் கோயிலில் விடுகிறார்கள். நானும் எழுதினேன், தமிழில். சரஸ்வதிக்குத் தமிழ் தெரியாதா என்ன?

நாராவில் தவழ்ந்த ரசிகர்கள்

கடைசி ஊர் நாரா. அங்கே தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752-ல் கண் திறப்பு விழா நடந்தது. நடத்தி வைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. கண் எழுதிய தூரிகையிலிருந்து நீளமாகக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக் கொண்டார்களாம், புண்ணியம் எல்லோருக்கும் சேரட்டும் என்று. அந்தத் தூரிகை இன்றும் ஷோசோயின் என்ற பழைய பொக்கிஷ சாலையில் இருக்கிறது. அதே பொக்கிஷத்தில் ஐந்து தந்தி பிவா ஒன்றும் இருக்கிறது. இந்த வகை வாத்தியம் இந்தியாவில் பிறந்தது என்பார்கள். பழங்காலத்திலிருந்து மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து வாசிக்கிற ஒருவரின் உருவத்தைச் சிப்பியில் இழைத்திருக்கிறார்கள். எல்லா வருஷமும் காட்சிக்கு வைப்பதில்லை. நான் பார்த்தது படத்தில்தான். அந்தக் காலத்தில் விமானமும் பைபர் பெட்டியும் இல்லாமல் இதை எப்படிக் கொண்டு போனார்களோ!

நாராவில் என் கச்சேரி மக்கள் மன்றம் ஒன்றில், காலை பத்தரைக்கு. ஜப்பானில் பெரிய சங்கீத மண்டபங்கள் பலவற்றில் பள்ளி வயசு ஆகாத குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். அதனால் கைக்குழந்தைக்காரிகள் வருஷக்கணக்கில் கச்சேரியே கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவே, கைக்குழந்தை முதல் எல்லோரும் வரலாம் என்று அறிவித்த கச்சேரி இது. டிக்கெட் கிடையாது, இஷ்டப்பட்டதைக் கூடையில் போடலாம்.

பாய் விரித்த கூடத்தில் 18 அம்மாக்கள், 20 குழந்தைகள்! ஒன்று தவழ்ந்து வந்து யாளியின் மூக்கைப் பிடித்தது. ஒன்று என் புடவைத் தலைப்பைச் சப்பியது. நான் நீலாம்பரி எடுத்தேன். கால் மணி நேரத்தில் பாதிக் குழந்தைகள் தூங்கிவிட்டன. கூடவே மூன்று அம்மாக்களும் தூங்கிவிட்டார்கள்! என் வித்தைக்குக் கிடைத்த பெரிய சன்மானம் அதுதான் என்பேன். முதல் நாள் டோக்கியோவில் நிசப்தத்தைக் கண்டு கலங்கினேன். இங்கே அழுகை, சிணுங்கல், சிரிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் வாசித்தேன். இரண்டிலும் கேட்டார்கள் என்பதுதான் விஷயம்.

ஒரு தாய் தன் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தைக் காட்டினாள். கர்ப்பம் என்று பதிவு செய்தவுடன் ஊராட்சியில் தருவார்களாம். கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவம், எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் ஒரே புத்தகத்தில். நம் ஊர் தாய்-சேய் நல அட்டை மாதிரி. 1948 முதல் இருக்கிறது. “என் அம்மா எனக்காக எழுதினதையும் வைத்திருக்கிறேன்” என்றாள். நம் அட்டைகளைக் குழந்தை பள்ளிக்கூடம் போனதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சகோதரிகளே. பத்திரப்படுத்தி வையுங்கள்.

கூடையில் விழுந்த பணத்தைக்கூட வெறுமனே போடவில்லை. ஒவ்வொருவரும் சின்ன உறையில் வைத்துப் போட்டிருந்தார்கள். நாம் வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுப்பது போலத்தான்.

கணக்கு

இனி கணக்குக்கு வருகிறேன். விமானம், வீணைப் பெட்டி, விசா, ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்துச் செலவு 1,58,400 ரூபாய். ஐந்து கச்சேரிகளில் வரி போகக் கையில் வந்தது 1,51,700. ஆக 6,700 ரூபாய் குறைவு. தங்கின வீடுகளில் யாரும் வாடகை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நிலைமை வேறு. முதல் திரும்பவில்லை, அதனால் பந்தயப்படி ‘இதோடு சரி’ என்று கணவரிடம் நோட்டை நீட்டினேன். அதை வாங்கிப் பார்த்தது மாமியார். “6,700 ரூபாய்க்கு யாருடி மூணு வாரம் ஜப்பான் காட்டுவா? அடுத்த தடவை போறப்போ சீட்டைக் கொஞ்சம் பெரிசாக் கட்டு” என்றார்.

போக ஆசைப்படும் சகோதரிகளுக்கு இரண்டே வார்த்தை. சரியான விசா இல்லாமல் கிளம்பாதீர்கள். அந்த ஊரில் உங்களுக்காக ஓடியாட ஒரு நல்ல மனுஷராவது இல்லாமல் கிளம்பாதீர்கள். மற்றதெல்லாம், அதாவது பட்ஜெட் போடுவது, நேரத்துக்கு எழுவது, இருக்கிற ரவையில் இரண்டு வேலை முடிப்பது எல்லாம், வீடு நடத்துகிற எந்தப் பெண்ணுக்கும் கைவந்த கலைதான்.

2024 ஜனவரியில் மாட்சுமோட்டோவிலிருந்து ஒரு புத்தாண்டு அட்டை வந்தது. தம்பியிடம் போனில் காட்டிப் படிக்கச் சொன்னேன். பாட்டி கோட்டோவுக்குப் புதுத் தந்தி போட்டுவிட்டாராம். செவ்வாய்க்கிழமைதோறும் வாசிக்கிறாராம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற எட்டு வயசுப் பேத்தி, போன வாரம் ‘எனக்கும் கொடு’ என்று கேட்டுவிட்டாளாம்.